கார்பரேட்டர் வண்டியில் வேக்கூம் குறைவா? கழற்றுவதற்கு முன் முள்ளைப் பாருங்கள்

ஐடிலிங்கில் நடுங்குகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது, பிக்கப் இல்லை, பெட்ரோல் மட்டும் நன்றாகக் குடிக்கிறது. பழைய மாருதி 800, ஆம்னி, பத்மினி, பெட்ரோல் அம்பாசடர் என்று எதை வைத்திருந்தாலும் இதில் ஒரு புகாரையாவது நீங்கள் சொல்லியிருப்பீர்கள். பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான்: "அண்ணே, கார்பரேட்டர் போயிருச்சு. கழட்டிக் கிளீன் பண்ணி கிட்டு போட்ருவோம்." போட்ட இரண்டு நாளைக்கு வண்டி நன்றாக இருக்கும், அல்லது நன்றாக இருப்பதாக நமக்குத் தோன்றும். அப்புறம் பழையபடி மதுரை காளவாசல் சிக்னலில் நின்று செல்ஃப் அடித்துக்கொண்டிருப்போம்.

கார்பரேட்டர் மேல் பழி விழுவதில் ஆச்சரியமில்லை. எஞ்சினுக்கு மேலே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. கழற்றுவது எளிது. திறந்தால் உள்ளே எப்படியும் கொஞ்சம் அழுக்கு இருக்கும், அதைக் காட்டிவிடலாம். ஆனால் மேலே சொன்ன எல்லாப் புகார்களும் வேக்கூம் குறைந்தாலும் வரும். வேக்கூம் குறைவதற்கான காரணங்களில் முக்கால்வாசி கார்பரேட்டருக்கு வெளியேதான் இருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க ஒரு வேக்கூம் கேஜ் போதும். ஒரு முள், ஒரு ட்யூப், அவ்வளவுதான் அந்தக் கருவி. விலையும் அதிகமில்லை.

வேக்கூம் என்றால் என்ன?

ஊசி போடும் சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்பக்கத் தண்டை இழுத்துப் பாருங்கள். கை வலிக்கிற அளவுக்கு எதிர்ப்பு இருக்கும். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் காற்று புகுந்து இழுப்பது இலகுவாகிவிடும். எஞ்சினில் நடப்பதும் இதேதான். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. கார்பரேட்டரின் அடியில் உள்ள த்ராட்டில் தகடு ஐடிலிங்கில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். இழுக்கிற அளவுக்குக் காற்று கிடைக்காததால், த்ராட்டிலுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுகிறது. வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் கேஜ் காட்டுகிறது.

ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் த்ராட்டில் திறந்து காற்று தாராளமாக வரும், முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிடும். அதாவது எஞ்சின் சும்மா நிற்கும்போது வேக்கூம் அதிகம், உழைக்கும்போது குறைவு. முதல்முறை கேஜ் மாட்டுகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். பழகிவிடும்.

இந்த வேக்கூமை நம்பித்தான் கார்பரேட்டரின் ஐடில் துவாரம் பெட்ரோலை உறிஞ்சுகிறது. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் மிதி இலகுவாக இருப்பதும் இதனால்தான். ஆகவே வேக்கூம் குறைந்தால் ஐடிலிங் மட்டும் கெடுவதில்லை, பிரேக்கும் கல்லாகலாம். பிரேக் மிதி இறுகி, ஐடிலிங்கும் நடுங்கினால் அந்த வண்டியை அப்படியே கொடைக்கானல் மலைப்பாதையில் இறக்காதீர்கள்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

கேஜில் பாதரச அங்குலக் கணக்கு இருக்கும். நல்ல நிலையில் உள்ள சாதாரண எஞ்சின், சூடாகி, நிமிடத்துக்கு 800–900 சுற்றில் ஐடிலில் நிற்கும்போது முள் 17 முதல் 21 அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும். மில்லிமீட்டரில் அளவு குறித்த கேஜாக இருந்தால், 18 அங்குலம் என்பது சுமார் 457 மில்லிமீட்டர்.

இந்த எண் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களுக்கு. ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும், ஏனென்றால் வெளிக்காற்றின் அழுத்தமே குறைந்துவிடுகிறது. மதுரை சுமார் 100 மீட்டர் உயரம்தான், அதனால் வித்தியாசம் கால் அங்குலத்துக்குச் சற்று மேலே. கண்டுகொள்ள வேண்டாம். ஆனால் வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோடு ஏறி, 7,000 அடியில் இருக்கும் கொடைக்கானலில் நிறுத்திப் பார்த்தால் இங்கே 19 காட்டிய அதே எஞ்சின் 12 அல்லது 13தான் காட்டும். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேஜ் வாங்கிய உற்சாகத்தில் அதைச் சுற்றுலாவுக்கும் எடுத்துப்போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் லாட்ஜ் வாசலில் பானட்டைத் திறந்து பயப்பட வேண்டியிருக்காது.

எங்கே மாட்டுவது?

த்ராட்டிலுக்குக் கீழே, மேனிஃபோல்டின் நேரடி வேக்கூம் வரும் இடத்தில் மாட்ட வேண்டும். பூஸ்டர் ட்யூபோ, எஞ்சின் அடிப்பகுதியின் ஆவியை உறிஞ்சும் பிசிவி ட்யூபோ மேனிஃபோல்டில் சேரும் இடத்தில் ஒரு டி-இணைப்பு போட்டுக்கொள்ளலாம். சில எஞ்சின்களில் மேனிஃபோல்டிலேயே ஒரு போல்ட் போட்டு அடைத்த துளை இருக்கும். மெல்லிய ட்யூபாக இருந்தால் மீன் தொட்டிக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் டி கூடப் போதும், கச்சிதமாக உட்காரும்.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ட்யூபில் மட்டும் மாட்டாதீர்கள். அந்தத் துளை பல கார்பரேட்டர்களில் த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே இருக்கும். ஐடிலில் அங்கே வேக்கூம் வராது, முள் பூஜ்யத்தில் கிடக்கும். அதைப் பார்த்து எஞ்சின் போய்விட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

ஹேண்ட்பிரேக், நியூட்ரல், ஃபேனுக்குப் பக்கத்தில் தொங்கும் துண்டோ லுங்கி முனையோ இல்லாமல் பார்த்துக்கொள்வது, மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாமல் இருப்பது ஆகியவை உங்களுக்கே தெரியும். இன்னொன்றும் முக்கியம். ஐடில் ஸ்குரூ. வண்டி அணைகிறது என்று யாராவது ஏற்கெனவே அதை உள்ளே திருகி ஐடிலை 1,200, 1,300 சுற்றில் வைத்திருப்பார்கள். அது த்ராட்டிலையே திறந்து வைத்த மாதிரி. அந்த நிலையில் எடுக்கும் அளவை நம்ப முடியாது. முதலில் சரியான ஐடிலுக்குக் கொண்டுவாருங்கள். நிற்காமல் அணைகிறதென்றால், நிற்கிற மிகக் குறைந்த சுற்றில் பாருங்கள்.

முள் ஆடுகிறதா, நிற்கிறதா?

இங்கேதான் கேஜ் தன் விலைக்கு வேலை செய்கிறது. குறைவு என்பது பாதிச் செய்தி. எப்படிக் குறைந்திருக்கிறது என்பதுதான் மீதி. முள் 13இல் ஆணி அடித்த மாதிரி நிற்பதும், 13க்கும் 18க்கும் நடுவே துள்ளுவதும் வேறு வேறு நோய்.

காரணம் எளிது. எல்லா சிலிண்டரையும் ஒரே அளவில் பாதிக்கிற கோளாறு முள்ளை மொத்தமாகக் கீழே இறக்கும், ஆட்டாது. ஒரு சிலிண்டரை மட்டும் பாதிக்கிற கோளாறு, அந்தச் சிலிண்டரின் முறை வரும்போதெல்லாம் முள்ளை உதறும். 840 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் முறையும் விநாடிக்கு 7 தடவை வரும். கண்ணால் எண்ண முடியாது, ஆனால் சீரான உதறலாகத் தெரியும். 800, ஆம்னியின் மூன்று சிலிண்டர் எஞ்சினில் நல்ல நிலையிலேயே முள்ளில் லேசான துடிப்பு இருக்கும், அதை நோயாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அசையாமல் குறைந்து நின்றால் மூன்று பேரைச் சந்தேகிக்கலாம்: எங்கோ காற்று இழுக்கிறது, இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறது, அல்லது வால்வு டைமிங் (வால்வுகள் திறந்து மூடும் நேரம்) தவறியிருக்கிறது. பழைய வண்டியில் முதலாவதுதான் அதிகம். அதிலிருந்தே தொடங்குவோம்.

காற்று இழுக்கும் இடம்

மதுரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் வெளியே நாற்பது டிகிரி அடிக்கும்போது, ஓடி நின்ற எஞ்சினின் பானட்டுக்குள் ரப்பர் படும் பாடு தனி. வேக்கூம் ட்யூப் நடுவில் கெடுவது குறைவு. முனையில்தான் கெடும். குழாயில் மாட்டியிருக்கும் அந்த ஒரு சென்டிமீட்டர் இறுகி, விரிந்து, பிடிப்பை விட்டிருக்கும். கையால் தொட்டுப் பார்த்தால் இருக்கிற மாதிரியே இருக்கும், சுழற்றினால் சும்மா சுழலும். சுழன்றால் அதுதான் ஓட்டை. நீளம் மிச்சம் இருந்தால் அந்த ஒரு சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டுங்கள், செலவே இல்லை.

எந்த ட்யூப் என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றாக மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில், துணி சுற்றிய பிளையரால் அமுக்கி அடைத்துப் பாருங்கள். எதை அடைக்கும்போது முள் குதித்து ஏறுகிறதோ, கோளாறு அந்த ட்யூபில் அல்லது அதன் மறுமுனையில் இருக்கும் பொருளில். பிசிவி ட்யூப் மட்டும் விதிவிலக்கு. அது வேண்டுமென்றே கொஞ்சம் காற்று விடுவது, அடைத்தால் முள் சிறிது ஏறுவது இயல்பு. மூன்று நான்கு அங்குலம் ஏறினால்தான் சந்தேகம். திருமங்கலம் பக்கம் காய்கறி ஏற்றும் ஓர் ஆம்னியில் இப்படித்தான் முள் 13இல் நின்றது. பிசிவி துளையை அடைத்ததும் 18க்குப் போனது. ட்யூபை மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. கழற்றித் திருப்பினால் முழங்கை வளைவின் அடியில் எண்ணெய் ஊறி, நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. வளைத்தால் வாய் திறக்கும், நிமிர்த்தினால் மூடிக்கொள்ளும். அந்த வண்டிக்கு அதற்கு முன்பே கார்பரேட்டர் கிட்டு மாற்றியாகிவிட்டது.

பூஸ்டர் ட்யூபை அடைத்ததும் முள் ஏறினால், பூஸ்டருக்கு உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம். எஞ்சினை அணைத்து, பிரேக்கை நாலைந்து தடவை மிதித்து, மிதி கெட்டியானதும் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி காலுக்கு அடியில் லேசாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வேக்கூம் போகவில்லை அல்லது பூஸ்டரே போய்விட்டது. அது பிரேக் சமாச்சாரம், ஒத்திப்போடாமல் பட்டறையில் காட்டுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரிலும் வேக்கூமுக்கு ஏற்பப் பொறியை முன்னதாக விழவைக்கும் வேக்கூம் அட்வான்ஸ் டயஃப்ரம் ஒன்று உண்டு, அதைச் சோதிக்கக் கருவியே வேண்டாம். கார்பரேட்டர் பக்கம் ட்யூபைக் கழற்றி, துடைத்துவிட்டு வாயால் உறிஞ்சி, முனையை நாக்கால் அடையுங்கள். ட்யூப் நாக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தால் டயஃப்ரம் நல்லது. விட்டுவிட்டால் கிழிசல். இந்தக் கிழிசல் ஐடிலைவிட ஓட்டத்தில்தான் அதிகம் தெரியும், பிக்கப்பும் மைலேஜும் சேர்ந்து போகும்.

ட்யூப் எல்லாம் சரி என்றால் அடுத்தது பேக்கிங். கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூடு ஏறாமல் இருக்க ஒரு தடித்த கட்டையும் அதற்கு மேலும் கீழும் பேக்கிங்கும் இருக்கும். அடிக்கடி கார்பரேட்டரைக் கழற்றி மாட்டிய வண்டியில் இது கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். நட்டை ஓங்கி முறுக்கினால் அடித்தகடு வில்லாக வளைந்துவிடும். ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும். எத்தனை பேக்கிங் போட்டாலும் அந்த வெளிச்சம் வழியே காற்று போகும், தகட்டைத் தேய்த்துச் சமன்படுத்தத்தான் வேண்டும். இங்கே பெரிய ஓட்டை இருந்தால் முள் ஐந்து அங்குலத்துக்குக் கூடக் கீழே போகும்.

பேக்கிங் ஓட்டையைத் தேட, எஞ்சின் ஓடும்போது இணைப்புகளில் பெட்ரோல் ஊற்றிப் பார்க்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செய்யாதீர்கள். கீழே சைலன்சர் மேனிஃபோல்டு கொதிக்கிறது, பக்கத்தில் பிளக் ஒயரில் தீப்பொறி இருக்கிறது. தெளிப்பான் பாட்டிலில் தண்ணீர் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் படாமல் இணைப்புகளில் லேசாகத் தெளியுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்படும், சீறல் சத்தம் மாறும், முள் ஒரு கணம் அசையும். த்ராட்டில் தண்டு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க அதன் இரு முனையிலும் கிரீஸைத் தடவினால் போதும். முள் ஏறினால் அங்கேதான் இழுக்கிறது. தேய்ந்த தண்டுக்குப் புஷ் போட வேண்டும். காற்று இழுப்பதில் இது ஒன்றுதான் உண்மையிலேயே கார்பரேட்டரின் குற்றம்.

டைமிங்

எங்கும் காற்று இழுக்கவில்லை, முள் 14, 15இல் அசையாமல் நிற்கிறது என்றால் இக்னிஷன் டைமிங்கைப் பாருங்கள். டைமிங்குக்கும் வேக்கூமுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பொறி தாமதமாக விழுந்தால் எரியும் பெட்ரோலின் சக்தியில் ஒரு பகுதி வீணாகச் சைலன்சருக்குப் போய்விடுகிறது. அதே ஐடிலில் நிற்க எஞ்சினுக்கு அதிகக் கலவை தேவைப்படுகிறது, அதற்கு த்ராட்டிலை அதிகம் திறக்க வேண்டியிருக்கிறது, திறந்தால் வேக்கூம் குறையும். ஓட்டையே இல்லாமல் வேக்கூம் குறையும் வழி இது.

பாயிண்ட் (பொறிக்காக மின்சாரத்தைத் துண்டித்துவிடும் தொடுமுனை) உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் இது தானாகவே நடக்கும். பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைகிறது, குறையக் குறைய டைமிங் பின்தங்குகிறது. முதலில் பாயிண்ட் இடைவெளியை கம்பெனி அளவுக்கு வைத்துவிட்டு, பிறகு டைமிங் லைட்டால் டைமிங் பார்ப்பதுதான் முறை. கேஜை மட்டும் பார்த்து, முள் எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே டிஸ்ட்ரிபியூட்டரை நிறுத்தினால் டைமிங் அளவுக்கு மீறி முன்னேறிவிடும், ஏற்றத்தில் எஞ்சின் தட்டும்.

டைமிங்கும் சரியாக இருந்து முள் இன்னும் தாழ்ந்தே நின்றால் வால்வு டைமிங். 800, ஆம்னியில் டைமிங் பெல்ட். அண்மையில் பெல்ட் மாற்றிய பிறகுதான் வண்டி மந்தமானது என்றால் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்க வாய்ப்புண்டு, குறிகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினிலும் பத்மினியின் 1089 சிசி எஞ்சினிலும் செயின் இருப்பதால் நீண்ட ஓட்டத்தில் அது தளர்ந்து இதே விளைவைத் தரும்.

முள் ஆடினால்

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆடும் முள் பெரும்பாலும் எஞ்சினைத் திறக்க வேண்டிய வேலையைக் காட்டுகிறது, அதை வீட்டு வாசலில் செய்ய முடியாது. சீராக ஓரிரு அங்குலம் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. டேப்பட் (வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி) இறுக்கமாக இருந்தாலும் இப்படி வரும், ஆகவே ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் டேப்பட் செட்டிங் பார்க்கச் சொல்லுங்கள். ஐடிலில் படபடத்து, சுற்று ஏற ஏற நிதானமானால் வால்வு கைடு தேய்மானம். ஐடிலில் நின்று, சுற்று ஏறும்போது படபடத்தால் வால்வு ஸ்பிரிங். பெரிய வீச்சில் சீராக ஆடினால், பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே ஹெட் பேக்கிங் போயிருக்கலாம். அவசரமில்லாமல் மெல்ல மெல்ல ஏறி இறங்கினால் மட்டும் கலவைக் கோளாறு. அப்போது கார்பரேட்டரைக் குறை சொல்லலாம்.

பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறதா என்று அறிய ஆக்சிலேட்டரைச் சட்டென்று திறந்து மூடுங்கள். நல்ல எஞ்சினில் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழுந்து, 23, 24 வரை துள்ளி, பழைய இடத்துக்கு வரும். துள்ளல் இல்லாமல் சோம்பலாகத் திரும்பினால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும் பேச வேண்டும். அடுத்து 2,500 சுற்றில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்கள். முள் ஏறி நிற்காமல் போகப் போக இறங்கிக்கொண்டே வந்தால் சைலன்சர் அடைத்திருக்கிறது. உள்ளே இருக்கும் தகடு துருப்பிடித்து விழுந்து வழியை மறித்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சைலன்சர் முழுசாக இருக்கும், அதனால்தான் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

முள் 18, 19இல் அழகாக நிற்கிறது, ஆனால் வண்டி மட்டும் லீனாக (கலவையில் பெட்ரோல் குறைந்து) ஓடுகிற மாதிரி இழுத்து இழுத்துப் போகிறது என்றால் பெட்ரோலையும் கணக்கில் எடுங்கள். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய பெட்ரோலுக்காக அளவெடுத்த ஜெட் வழியே வரும் கலவை லீனாகிவிடும். இன்ஜெக்டர் வைத்துப் பெட்ரோலை அளந்து ஊட்டும் புதிய எஞ்சின்கள் சென்சாரைப் பார்த்துத் தாமே திருத்திக்கொள்ளும், கார்பரேட்டருக்கு அந்த வசதி இல்லை. அந்தப் பெட்ரோல் படும் பழைய ரப்பர்களும் சீக்கிரம் உப்பும், வெடிக்கும்.

ஓட்டையை அடைத்து, டைமிங் வைத்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். கோளாறு இருந்த காலத்தில் யாரோ ஒருவர் ஐடில் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குரூவையும் ஐடில் ஸ்குரூவையும் இஷ்டத்துக்குத் திருகி வைத்திருப்பார். கேஜ் மாட்டியபடியே ஐடிலைச் சரியான சுற்றுக்குக் கொண்டுவந்து, மிக்சர் ஸ்குரூவை மெல்ல வெளியே திருகுங்கள். முள் ஏறும், ஓரிடத்தில் நிற்கும், அதற்கு மேல் திருகினால் இறங்கத் தொடங்கும். உச்சத்துக்குத் திரும்ப வந்து, பெரும்பாலான கார்பரேட்டர்களில் அங்கிருந்து அரைக்கால் சுற்று உள்ளே திருகினால் சரியான இடம் கிடைக்கும். ஐடில் ஏறியிருந்தால் ஐடில் ஸ்குரூவைக் குறைத்து, இதையே இன்னொரு தடவை செய்துவிட்டு, டி-இணைப்பை எடுத்துப் பழைய ட்யூபை மாட்டி, கிளிப்பை இறுக்குங்கள்.